கார்த் திரையில் செயலிகளை அடுக்குவது: அகரவரிசையா, சொந்த வரிசையா, பாதியை மறைத்துவிடுவதா?

ஃபோனைக் காரோடு முதன்முறை இணைக்கும்போது திரையில் வந்து நிற்கும் ஐகான்களில் பாதியை நாம் கேட்கவே இல்லை. எப்போதோ நிறுவி மறந்துபோன ஒலிநூல் செயலி, ஏதோ ஒரு ரீசார்ஜ் சலுகையோடு ஒட்டிக்கொண்டு வந்த இரண்டாவது பாட்டுச் செயலி, ஒருமுறைகூடத் தொடாத வானிலை ஐகான் எல்லாம் வரைபடத்துக்கும் தொலைபேசிக்கும் சமமாக இடம்பிடித்து உட்கார்ந்திருக்கும். ஃபோனின் செயலிகளைக் கார்த் திரையில் காட்டும் ஆண்ட்ராய்டு ஆட்டோ, ஆப்பிள் கார்ப்ளே இரண்டுமே இந்த அடுக்கை நம் விருப்பம்போல் மாற்ற அனுமதிக்கின்றன. இருந்தாலும் பலர் அதைத் தொடுவதில்லை. தொடுபவர்களோ ஃபோனின் முகப்புத் திரையை அழகுபடுத்துவதுபோல் அழகுபடுத்திவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். உள்ளபடியே விட்டுவிடுவது, சொந்தமாக வரிசைப்படுத்துவது, வேண்டாதவற்றை மறைத்துவிடுவது, ஐகான்களையே நம்பாமல், வரைபடமும் பாட்டும் அருகருகே நிற்கும் பிரிந்த திரையையும் குரலையும் நம்புவது என்று வழிகள் நான்கு. இந்திய வண்டியில், வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு இவற்றில் எது உதவும் என்று பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தச் செயலிகள் காரில் ஓடுவதில்லை. அவை ஃபோனில்தான் ஓடுகின்றன. காரின் திரை அவற்றைக் காட்டி, நம் தொடுதலைத் திருப்பி ஃபோனுக்கு அனுப்புகிறது, அவ்வளவுதான். 2014 மார்ச்சில் கார்ப்ளே வந்தபோதும், அதே ஆண்டு ஜூனில் கூகுள் அறிவித்து 2015இல் வெளியிட்ட ஆண்ட்ராய்டு ஆட்டோவிலும் அடிப்படை ஏற்பாடு இதுதான். ஆகவே அடுக்கை மாற்ற வேண்டிய இடமும் ஃபோன்தான். காரின் செட்டிங்ஸில் மணிக்கணக்காகத் தேடினாலும் கிடைக்காது. ஐஃபோனில் செட்டிங்ஸ், பொது, கார்ப்ளே என்று போய், இணைத்த காரின் பெயரைத் தொட்டு, தனிப்பயனாக்கும் பகுதியைத் திறந்தால் ஐகான்களின் பட்டியல் வரும். ஆண்ட்ராய்டில் அந்தப் பாதை ஃபோன் நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறுவதால், செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் ஆண்ட்ராய்டு ஆட்டோ என்று தட்டச்சு செய்து உள்ளே போய், லாஞ்சரை, அதாவது கார்த் திரையின் ஐகான் பக்கத்தை, மாற்றியமைக்கும் வரியைத் தொடுவதே எளிது.

ஃபோனில் உள்ள எல்லாச் செயலிகளும் கார்த் திரைக்கு வந்துவிடுவதில்லை என்பதும் நல்லதற்குத்தான். வழிகாட்டல், பாட்டு மற்றும் ஒலி, செய்தி அனுப்புதல், அழைப்பு, மின்கார் சார்ஜிங், வாகன நிறுத்தம் போன்ற சில வகைகளுக்குத்தான் அனுமதி உண்டு. கூகுள், கார்த் திரைக்கெனத் தான் தரும் ஆயத்தத் திரை வடிவங்களில் உருவாகும் செயலிகளுக்கு, ஒரு வேலையை ஐந்து படிகளுக்குள் முடிக்க வேண்டும் என்ற வரம்பையும் வைத்திருக்கிறது. இத்தனை கட்டுப்பாட்டுக்குப் பிறகும் ஒரு சராசரி ஃபோனிலிருந்து பதினைந்து, பதினாறு ஐகான்கள் திரையில் வந்து சேருகின்றன.

எந்த அடுக்கு நல்லது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அழகோ வசதியோ அந்த அளவுகோல் ஆகாது. சாலையிலிருந்து கண் எவ்வளவு நேரம் விலகுகிறது என்பதே அளவுகோல். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு பார்வை இரண்டு நொடிக்குள்ளும், ஒரு வேலை முழுவதற்கும் கண் விலகும் நேரம் பன்னிரண்டு நொடிக்குள்ளும் அடங்க வேண்டும் என்கின்றன. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 22 மீட்டர் போகிறது. அனுமதிக்கப்பட்ட அந்த இரண்டு நொடிக்குள் 44 மீட்டர் கடந்திருக்கும். நம் நெடுஞ்சாலைகளில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வாகனமும், தடுப்புச் சுவரின் இடைவெளியில் திடீரென்று திரும்பும் டிராக்டரும் வழக்கமான காட்சி என்பதால் அந்த 44 மீட்டர் சிறிய தூரமல்ல.

பிரிட்டனில் ஐஏஎம் ரோட்ஸ்மார்ட் என்ற சாலைப் பாதுகாப்பு அமைப்புக்காக டிஆர்எல் என்ற போக்குவரத்து ஆய்வகம் செய்து 2020இல் வெளிவந்த ஓட்டுநர் சிமுலேட்டர் ஆய்வையும் இங்கே சொல்ல வேண்டும். கவனம் சிதறாமல் ஓட்டுவதோடு ஒப்பிட்டால், தொட்டு இயக்கியபோது எதிர்வினை நேரம் கார்ப்ளேயில் 57 விழுக்காடும், ஆண்ட்ராய்டு ஆட்டோவில் 53 விழுக்காடும் கூடியது. குரலால் இயக்கியபோது முறையே 36, 30 விழுக்காடு கூடியது. கையில் ஃபோனைப் பிடித்துப் பேசுவதால் கூடும் நேரம் அதே ஒப்பீட்டில் 46 விழுக்காடுதான். ஃபோனைக் கையில் எடுக்காமல் கார்த் திரைக்கு மாறிவிட்டதாலேயே பாதுகாப்பு வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த எண்களை ஒருமுறை பார்க்கலாம். இந்தியச் சட்டம் வேறு கோணத்தில் பார்க்கிறது: 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு, ஓட்டும்போது கையில் பிடிக்கும் தகவல் தொடர்புச் சாதனத்தைப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தது. டேஷ்போர்டில் பதித்த திரையைத் தொட்டுக்கொண்டே போனால் அந்தப் பிரிவு தொடாமல் போகலாம். ஆனால் கண் விலகும் நேரம் குறைவதில்லை.

உள்ளபடியே விட்டுவிடுவது

ஆண்ட்ராய்டு ஆட்டோவில் அகரவரிசை, சொந்த வரிசை என்று இரண்டு தேர்வுகள் உண்டு. அகரவரிசையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு சாதாரண ஃபோனின் பட்டியலை எடுத்து, ஆங்கிலப் பெயர்ப்படி வரிசைக்கு நான்கு ஐகான்களாக அடுக்கிப் பார்த்தால் புரியும். முதல் வரிசையில் அமேசான் மியூசிக், ஆடிபிள், கேலண்டர், கானா. இரண்டாவதில் ஜியோசாவன், மேப்ஸ், மெசேஜஸ், நியூஸ். மூன்றாவதில் ஃபோன், ரிமைண்டர், ஸ்பாட்டிஃபை, டெலிகிராம். நான்காவதில் வேஸ், வெதர், வாட்ஸ்அப், யூடியூப் மியூசிக். இரண்டு வரிசை மட்டும் தெரியும் சிறிய திரையில், தொலைபேசியைத் தொடுவதற்கே மேலே தள்ளிப் பார்க்க வேண்டும். முதல் வரிசையில் இருக்கும் நான்கில் எதையும் அவசரத்துக்குத் தேடப்போவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், இந்த வரிசை நிலையாக நிற்காது என்பதுதான். நாளைக்கு ஆப்பிள் மியூசிக்கை நிறுவினால் அது இரண்டாம் இடத்தில் புகுந்துகொள்ளும். அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஓரிடம் தள்ளும். முதல் வரிசையின் வலக்கோடியில் இருந்த கானா, இரண்டாம் வரிசையின் இடக்கோடிக்குப் போய்விடும். பெயரைப் படித்துத் தேடும் ஒருவருக்கு இது பெரிதில்லை. ஆனால் ஓட்டுபவர் படித்துத் தேடக்கூடாது. கை தானாகப் போக வேண்டும். டிக்கெட் இயந்திரம் வருவதற்கு முன் டவுன் பஸ் கண்டக்டர் விரலிடுக்கில் கட்டணவாரியாகச் செருகிய கட்டுகளைப் பார்க்காமலே கிழித்துக் கொடுத்தது, கட்டுகள் நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருந்ததால்தான்.

கார்ப்ளே இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. ஆப்பிள் தன் சொந்தச் செயலிகளை முன்னால் வைத்துவிட்டு, நாம் நிறுவுபவற்றைப் பின்னால் சேர்த்துக்கொண்டே போவதால் முன்பக்கம் குலைவதில்லை. ஆனால் முன்பக்கத்தில் இருப்பது ஆப்பிளுக்கு வேண்டியவை. கூகுள் மேப்ஸ் போன்ற வெளியார் வழிகாட்டிகளுக்கு 2018இல் ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 12 வந்த பிறகுதான் கார்ப்ளேயில் இடமே கிடைத்தது; இன்றும் அதைத் தினமும் பயன்படுத்தும் ஒருவர் தானே கையால் முன்னால் கொண்டுவந்தால்தான் உண்டு.

இந்த வழிக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. வாடகைக் காரை வாரத்துக்கு ஒரு முறை எடுப்பவர், ஆண்டில் சில தடவை மட்டும் வெளியூர் ஓட்டுபவர், ஃபோனில் ஏழெட்டுக் கார்ச் செயலிகளுக்கு மேல் இல்லாதவர் ஆகியோர் எதையும் மாற்றாமலே இருக்கலாம். மற்றவர்கள் மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து.

சொந்த வரிசையும் வலக்கைப் பக்க வண்டியும்

சொந்த வரிசை என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: அதிகம் பயன்படுத்துவதை முதலிடத்தில் வைப்பது, அடுத்ததை இரண்டாமிடத்தில் வைப்பது, இப்படியே போவது. ஃபோனின் பட்டியலில் பார்க்கும்போது இது சரியாகத்தான் தெரியும். காருக்குள் போய் உட்கார்ந்தால் சரியாக இல்லை. ஐகான்கள் இடப்பக்க மேல்மூலையிலிருந்து வலப்பக்கமாக நிரம்புகின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார். திரை அவருக்கு இடப்புறம். அதாவது பட்டியலின் முதலிடம் என்பது ஓட்டுநரின் இடக்கைக்கு மிகத் தொலைவில் உள்ள மூலை. கைக்கு மிக அருகில் இருப்பது, வரிசைக்கு நான்கு ஐகான் என்றால், நான்காவதும் எட்டாவதும்.

7 அங்குலத் திரையில் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. அதன் அகலம் 15 சென்டிமீட்டர்தான். 10.25 அங்குல அகலத் திரையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். இடக்கோடியைத் தொட வேண்டுமென்றால் பலருக்கு முதுகு இருக்கையிலிருந்து விலகும், தோள் திரும்பும், தோளோடு கண்ணும் திரும்பும். குண்டும் குழியுமான சாலையில் நீட்டிய கை ஆடி, பக்கத்து ஐகானைத் தொட்டுவிடுவதும் அந்தத் தொலைவில்தான் அதிகம். ஆகவே அகலத் திரை உள்ளவர்கள் பட்டியலைப் பட்டியலாகப் பார்க்காமல், ஒருமுறை வண்டியை நிறுத்திவைத்து, தங்கள் திரையில் வரிசைக்கு எத்தனை ஐகான் வருகிறது என்று எண்ணிப் பார்த்து, வலக்கோடிப் பத்தியில் எந்தெந்த எண்கள் விழுகின்றன என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களுக்கு வேண்டியவற்றை நகர்த்துவது நல்லது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் வரிசைக்கு எத்தனை என்பது திரையின் அகலத்துக்கேற்ப மாறுவதால், அடுத்தவர் காரில் எண்ணியது நம் காருக்குப் பொருந்தாது. வழக்கமான கார்ப்ளே திரைகளில் பக்கத்துக்கு எட்டு, வரிசைக்கு நான்கு.

இன்னொன்று: திரையின் ஓரத்தில் அல்லது அடியில் எப்போதும் நிற்கும் பட்டையைக் கணக்கில் எடுக்காமல் வரிசை போடுவது வீண்வேலை. கார்ப்ளேயின் பக்கப்பட்டையில் கடைசியாகப் பயன்படுத்திய ஒரு வழிகாட்டி, ஒரு ஒலிச் செயலி, ஒரு தொடர்புச் செயலி ஆகிய மூன்றும் தாமாகவே வந்து நிற்கும். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் பட்டையும் அண்மையில் தொட்டவற்றைக் காட்டுகிறது. தினமும் கூகுள் மேப்ஸும் ஸ்பாட்டிஃபையும் தொலைபேசியும் மட்டுமே பயன்படுத்தும் ஒருவருக்கு அவை மூன்றும் ஏற்கெனவே பட்டையில் இருக்கின்றன. அவற்றையே முதல் வரிசையிலும் வைப்பது, நல்ல இடத்தை இரண்டாம் தடவை கொடுப்பதுதான். வலக்கோடியில் வைக்க வேண்டியது பட்டைக்கு வராதது, ஆனால் அவசரத்தில் தேவைப்படுவது. மின்கார் வைத்திருப்பவருக்கு அது சார்ஜிங் நிலையச் செயலி. கார்ப்ளே அந்த வகைக்கு 2020இல், ஐஓஎஸ் 14இல் இடம் கொடுத்தது. பாட்டோடு சேர்த்துப் பாட்காஸ்ட்டும் கேட்பவருக்கு இரண்டாவது ஒலிச் செயலி, ஏனென்றால் பட்டையில் ஒன்றுக்குத்தான் இடம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: காரின் சொந்தத் திரைக்குத் திரும்பும் ஐகான்.

ஏசியும் சீட் வென்டிலேஷனும் திரைக்குள் போய்விட்ட வண்டிகளில், வெப்பத்தைக் குறைக்க வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டு ஆட்டோவிலிருந்தோ கார்ப்ளேயிலிருந்தோ வெளியே வந்தாக வேண்டும். அதற்கான ஐகான், கார்ப்ளேயில் பெரும்பாலும் கார் நிறுவனத்தின் சின்னத்தோடு, எங்கோ இரண்டாம் பக்கத்தில் கிடக்கும். ஸ்வீடனின் வீ பிலேகரே இதழ் 2022இல் நடத்திய சோதனையில், மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் ஏசி, ரேடியோ போன்ற நான்கு எளிய வேலைகளை, பொத்தான்கள் மட்டுமே உள்ள 2005ஆம் ஆண்டு வோல்வோ வி70 காரில் பத்து நொடியில் முடித்தார்கள். தொடுதிரை வண்டிகளில் மிக மோசமானதற்கு 44.9 நொடி ஆயிற்று. அவர்கள் அளந்தது காரின் சொந்தத் திரையை மட்டும்தான். நமக்கு அதற்கு முன்னால் ஃபோன் திரையிலிருந்து வெளியேறும் படியும் சேருகிறது. மே மாத மதியத்தில் வண்டியைக் கிளப்புபவர் இந்த ஐகானை எங்கே வைத்தால் நல்லது என்று சொல்லத் தேவையில்லை. ஏசிக்குத் தனிப் பொத்தான்களும் திருகுகளும் உள்ள வண்டி வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை மறந்துவிடலாம், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

மறைத்துவிடுவது

வரிசையைவிட எண்ணிக்கைதான் முக்கியம் என்பது என் முடிவு. பதினாறு ஐகானை எவ்வளவு திறமையாக அடுக்கினாலும் எட்டு ஐகானைத் தாறுமாறாக வைத்ததற்கு ஈடாகாது. ஏனென்றால் எட்டு என்பது ஒரே பார்வையில் அடங்கும், தள்ளிப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டாம் பக்கம் என்ற ஒன்று இருக்கும்வரை, வேண்டியது இந்தப் பக்கத்திலா அந்தப் பக்கத்திலா என்ற கேள்வியும் இருக்கும். அந்தக் கேள்விக்கு விடை தேடுவதும் கண்தான்.

ஆண்ட்ராய்டில் லாஞ்சர் பட்டியலில் செயலிக்குப் பக்கத்தில் உள்ள கட்டத்தின் குறியை எடுத்துவிட்டால் அது கார்த் திரையில் வராது. ஃபோனில் அப்படியே இருக்கும். ஐஃபோனில் கழித்தல் குறியைத் தொட்டால் போதும், திரும்ப வேண்டுமானால் அடியில் உள்ள பட்டியலிலிருந்து சேர்த்துக்கொள்ளலாம். ஆப்பிளின் சில செயலிகளுக்கு அந்தக் கழித்தல் குறியே இருக்காது. அவற்றை நீக்க முடியாது. இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு அந்தப் பக்கத்தையே மறந்துவிடலாம்.

எதை மறைப்பது என்பதில் தயக்கம் வரும். கேலண்டர், வானிலை, நியூஸ், நினைவூட்டல் நான்கையும் தயங்காமல் எடுக்கலாம். வண்டியோட்டும்போது அவற்றின் தேவை எப்போதாவது வந்தால் குரலில் கேட்டால் சொல்லிவிடும். பாட்டுச் செயலிகளில் ஒன்றையோ இரண்டையோ மட்டும் வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டிகளில் ஒன்று போதும் என்று சொல்ல நினைத்தாலும், வெளியூர்ப் பயணத்தில் ஒன்று தவறாகக் காட்டும் சந்து இன்னொன்றில் சரியாக இருப்பது உண்டு. ஆகவே இரண்டாவதைக் கைக்கெட்டாத மூலையில் வைக்கலாம். அதைத் திறப்பது வண்டியை ஓரங்கட்டிய பிறகுதான் என்பதால் தொலைவு ஒரு குறையாகாது.

வாட்ஸ்அப் ஐகானை மறைத்துவிட்டால் செய்திகளின் தொல்லை தீர்ந்தது என்று பலர் நம்புகிறார்கள். ஐகான் வேறு, அறிவிப்பு வேறு. குடும்பக் குழுவின் காலை வணக்கங்கள் திரையின் மேல் வந்து வரைபடத்தை மறைப்பதை நிறுத்த, ஐஃபோனில் அறிவிப்புகள் பகுதியில் அந்தந்தச் செயலிக்குள் போய், கார்ப்ளேயில் காட்டு என்ற தேர்வை அணைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஆட்டோவின் செட்டிங்ஸிலும் செய்தி அறிவிப்புகளுக்கெனத் தனித் தேர்வுகள் உண்டு. ஒரே நாளில் கண்ணை மிக அதிகமாக இழுப்பது நாம் தேடிப்போகும் ஐகான் அல்ல, நம்மைத் தேடிவரும் அறிவிப்புதான். அடுக்குவதற்கு ஒதுக்கும் கால்மணி நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தாலும் தகும்.

பிரிந்த திரை, குரல், குறுக்குவழி

2023 ஜனவரியில் ஆண்ட்ராய்டு ஆட்டோவின் புதிய வடிவம் பரவலாக வந்தபோது, வரைபடமும் பாட்டும் அருகருகே ஒரே திரையில் நிற்கத் தொடங்கின. கார்ப்ளேயில் இதற்கு இணையான டேஷ்போர்டு காட்சி 2019இலேயே, ஐஓஎஸ் 13இல் வந்துவிட்டது. வழியும் பாட்டும் எப்போதும் கண்முன் இருக்கும்போது ஐகான் பக்கத்துக்கே போக வேண்டியது அரிதாகிவிடுகிறது. அகலத் திரை உள்ளவர்களுக்கு இதுவே எல்லா வரிசைகளையும்விடச் சிறந்த ஏற்பாடு. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் ஓட்டுநர் பக்கம் வரைபடம் வர வேண்டுமா, பாட்டு வர வேண்டுமா என்றும் தேர்ந்தெடுக்கலாம். வரைபடத்தைப் பக்கத்தில் வைக்கவே மனம் சொல்லும். ஆனால் வரைபடம் பார்ப்பதற்கு, பாட்டு தொடுவதற்கு. பார்ப்பது சற்றுத் தள்ளி இருக்கலாம், தொடுவது கைக்கருகே இருக்க வேண்டும் என்பதால் நான் பாட்டைத்தான் வலப்பக்கம் வைப்பேன். ஸ்டியரிங்கிலேயே அடுத்த பாட்டுக்கான பொத்தான் உள்ளவர்களுக்கு இந்த வாதம் செல்லாது. அவர்கள் வரைபடத்தையே அருகில் வைத்துக்கொள்ளலாம். 7 அங்குலத் திரையில் பிரித்துவைத்தால் இரண்டும் குறுகி, தெருப்பெயரைப் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். அங்கே வரைபடத்தை முழுத்திரையில் விட்டுவிடுவதே மேல்.

ஐஓஎஸ் 26இல் 2025இல் கார்ப்ளேக்கு விட்ஜெட்டுகளும், அதாவது செயலியைத் திறக்காமலே தகவலைக் காட்டும் சிறு கட்டங்களும், வந்திருக்கின்றன. நிறுத்திவைத்த வண்டியில் பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை.

குரல்தான் எல்லாவற்றுக்கும் விடை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. மேலே சொன்ன டிஆர்எல் எண்களைப் பார்த்தால் குரல், தொடுதலைவிட நல்லதுதான். ஆனால் பேசிக்கொண்டிருப்பதும் கவனத்தைப் பிடுங்குகிறது என்பதையும் அதே எண்கள் சொல்கின்றன. நம் ஊரில் இன்னொரு தடை, பெயர்கள். ஆங்கிலத்தில் ஆணையிட்டு நடுவில் தமிழ்ப் பாட்டின் முதல் வரியையோ திருமங்கலத்தில் உள்ள அத்தையின் பெயரையோ சொன்னால், இரண்டாம் முறை, மூன்றாம் முறை திருத்திச் சொல்ல வேண்டிவரும். அந்தத் திருத்தலின்போது கண் திரைக்குப் போய்விடும். ஆகவே வழக்கமாக அழைக்கும் ஒருவருக்குக் குரலைவிடக் குறுக்குவழி நம்பகமானது. ஆண்ட்ராய்டு ஆட்டோவில் லாஞ்சரிலேயே ஒரு குறிப்பிட்ட எண்ணை அழைக்கும் ஐகானையோ, கூகுளின் குரல் உதவியாளரிடம் சொல்லும் ஒரு முழு ஆணையையோ சேர்க்க முடியும். வீட்டுக்கு அழைப்பு என்று ஒன்றை வலக்கோடிப் பத்தியில் வைத்துவிட்டால், தொலைபேசியைத் திறந்து, தொடர்புகளுக்குள் போய், பெயரைத் தேடும் மூன்று படிகள் ஒரே தொடுதலாகிவிடும். பலருக்கு இந்த வசதி இருப்பதே தெரியாது. அதற்காகப் பத்துப் பேரைச் சேர்த்தால் மறைத்ததன் பயன் போய்விடும். ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

ஒரு ஃபோன் இரண்டு கார், ஒரு கார் இரண்டு ஃபோன்

வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் ஐஃபோன் வைத்திருப்பவருக்கு ஒரு வசதி உண்டு. கார்ப்ளே ஒவ்வொரு காருக்கும் தனித்தனி அடுக்கை வைத்துக்கொள்கிறது. அகலத் திரை உள்ள புதிய காருக்கு வலக்கோடிக் கணக்கிலும், 7 அங்குலத் திரை உள்ள பழைய காருக்கு வேறு மாதிரியும் அடுக்கலாம். ஆண்ட்ராய்டில் அடுக்கு ஃபோனோடு இருக்கிறது, எந்த வண்டியில் இணைத்தாலும் அதேதான். வரிசைக்கு நான்கு வரும் காரில் வலக்கோடியில் நின்ற ஐகான், வரிசைக்கு ஐந்து வரும் காரில் உள்ளே தள்ளிப் போகும். இரண்டு வண்டியை மாற்றி மாற்றி ஓட்டும் ஆண்ட்ராய்டுக்காரர்கள் அகலத் திரைக்கு ஏற்றபடி அடுக்குவதே சரி. சிறிய திரையில் எல்லாமே கைக்கெட்டும்.

ஒரே காரைக் கணவனும் மனைவியும் ஓட்டும் வீடுகளில் சிக்கல் வேறுவகை. கம்பி வழி இணைப்பில், செருகியவரின் அடுக்கு வரும், அதில் குழப்பமில்லை. கம்பியில்லா இணைப்பில், இருவரும் வண்டிக்குள் இருந்தால், காரின் ப்ளூடூத் பட்டியலில் முன்னுரிமை பெற்ற ஃபோன் தானாக இணைந்துவிடும். ஓட்டுவது ஒருவர், திரையில் நிற்பது மற்றவரின் செயலிகள் என்ற நிலை அப்படித்தான் வருகிறது. நகரும் வண்டியில் ஃபோனை மாற்றி இணைக்க முயல்வதைவிட, ஓரளவுக்காவது இரண்டு ஃபோனிலும் ஒரே அடுக்கை வைத்துக்கொள்ளலாம். எட்டையும் ஒத்துவைக்கத் தேவையில்லை. கைக்கு அருகே உள்ள பத்தியில் மட்டும், மேலே வீட்டுக்கு அழைப்பு, அதன் கீழே காரின் திரைக்குத் திரும்பும் ஐகான் என்று இருவரும் ஒத்துக்கொண்டால் போதும். பாட்டுச் செயலியில் ஒற்றுமை வருவது எல்லா வீட்டிலும் நடக்கிற காரியமல்ல. ஒருவர் ஐஃபோனும் மற்றவர் ஆண்ட்ராய்டும் வைத்திருந்தால், கார்ப்ளேயின் முகப்பில் ஆளுக்கென்று தனி அழைப்பு ஐகான் வைக்க முடியாது என்பதால், அந்த இடத்தில் தொலைபேசி ஐகானை வைத்து, உள்ளே வீட்டு எண்ணை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும். ஒரு தொடுதலுக்குப் பதில் இரண்டு ஆகும்.